இப்போதைக்கு நாலு

ரொசாரியோ. மே மாதம்.
பரானா ஆற்றிலிருந்து குளிர் ஏறி வரும் நேரத்தில்
கடை திறப்போம்.
என் வேலை விலை ஒட்டுவது.
கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி,
டப்பாவுக்கு ஒரு டக்.
காலை ஒட்டியதன்மேல் மதியம்,
மதியத்தின்மேல் சாயங்காலம்.
எண்ணெய்ப் பாட்டில்களுக்கு எடை கூடியது
உன்னால்தான் என்பான்
இறைச்சி வெட்டும் ஒஸ்வால்தோ.

சிரோவுக்கு ஐந்தரை வயது.
ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், பள்ளி மூடிக் கிடக்க
என்னோடு கடைக்கு வந்து
மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான்.

மார்ச்சில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்:
காசு என்றால் காத்திருப்பது.
இப்போது வெட்கமாயிருக்கிறது.
அப்படித்தான் சொன்னேன், அதுவும்
விரலை ஆட்டி.
மாத்தே இலை டப்பாவின் மூடியில் கத்தியால் கீறி
வாரம் ஒரு தாளை மடித்து உள்ளே விட்டோம்.
சான் லூயிஸ் தெருவில், கண்ணாடிக்குள்ளே,
பன்னிரண்டு வண்ணப் பென்சில் பெட்டி.
நாலு வாரம், என்றேன்.
விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

நாலாம் வாரம் போனோம்.
பெட்டி அங்கேயேதான் இருந்தது.
விலைதான்
எங்களைவிட வேகமாக நடந்திருந்தது.
இன்னும் மூன்று, என்றேன்.
அந்த மூன்றும் கழிந்து
டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டியபோது
ஒரு பென்சில் வந்தது. பச்சை.
கடைக்காரர் பெட்டியைப் பிரித்துத்தான் கொடுத்தார்,
எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கே பாடத்தை மாற்றினேன்:
காசு என்றால் ஓட்டம்.
சம்பள நாளில் உடுப்பைக்கூட மாற்றாமல் நானே ஓடினேன்.
பாதிச் சம்பளம் சோப்பாயிற்று.
கட்டிலுக்கடியில் நாற்பது கட்டி, வீடெல்லாம் எலுமிச்சை வாசனை.
"சோப்பு குடுத்தா பென்சில் தருவாங்களா?"
எனக்குத் தெரியவில்லை.
மாடிவீட்டு நெலிதா ஏழு சோப்புக்குப்
பல் பிடுங்கிக்கொண்டு வந்தாள்,
அதை அவனிடம் சொல்லவில்லை.

நேற்று
பீச் பழ டப்பா ஒன்றை மடியில் வைத்து
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஒரு விலை உரிந்தது. அடியில் இன்னொன்று.
அதற்கும் அடியில்.
நாக்கைக் கடித்துக்கொண்டு, வெங்காயம் உரிப்பதுபோல.
முழங்காலில், சட்டையில், தலைமுடியில்
உரிந்த விலைகள்.
எத்தனையாவது என்று நான் எண்ணவில்லை.
கடைசித் தாளில் மங்கிய ஊதா மை,
மார்ச் மாதத்து என் கையின் கோணல்.

"அம்மா, நிஜ விலை கீழே இருக்கு."
புதையல் எடுத்தவன் குரல்.
வரிசையில் நின்ற பெண்மணி ஒருத்தி
சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி,
கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.
ஒலிபெருக்கி கரகரத்தது:
டப்பா உணவுகள், பதினைந்து சதவீதம்,
இந்த நிமிடத்திலிருந்து.
கருவியை எடுத்தேன்.
அவன் மடியிலிருந்ததற்கும் ஒரு டக்.
அவன் அழவில்லை. கருவியையே பார்த்தான்.

தீர்ந்துபோன சுருளின் வால் மிஞ்சியது.
விளையாடட்டும் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
அவனுக்கு நேராக எழுத வருவது
நாலு மட்டும்தான்.
பச்சைப் பென்சிலில் நாலு.
விளக்கு நாலு, நாற்காலி நாலு, ரொட்டி நாலு.
முரண்டு பிடித்த பூனையும் நாலு.
வேலை தேடி அலைந்துவிட்டுத் தூங்கும் அப்பாவின்
உள்ளங்காலிலும் ஒன்று.
கடைசியாக என் நெற்றியில் ஒட்டி
கட்டைவிரலால் அழுத்தினான்,
நான் அழுத்துவதுபோலவே.

"நானும் ரொட்டியும் ஒரே விலையா?"

யோசித்தான்.
பென்சில் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டான்.
"இப்போதைக்கு," என்றான்.